மணம் விழுங்கும் இயந்திரம்

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் தனியாக இருந்தார். பிரித்தானியப் பட்டாளத்தில் லொறி ஓட்ட வந்தவர், பட்டாளத்தை விட்ட பிறகும் இங்கேயே நின்றுவிட்டார். எங்கும் போய்ப் படித்ததில்லை. குப்பைக்குப் போகும் சாமான்களைப் பிரித்துப் பிரித்தே எல்லாம் பழகினார். விடிந்ததும் போர்வையை இழுத்தெறிகிற மணிக்கூடு ஒன்று செய்தார். அது முதல்நாளே அவரையும் சேர்த்துக் கட்டிலால் விழுத்தியது. நொண்டியபடி வந்து, “நன்றாக வேலை செய்கிறது” என்று அரைகுறை ஜெர்மனில் பெருமைப்பட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்த எங்களுக்கு அதுதான் முதல் வீடு. கீழ்வீட்டு மனுசி எங்கள் சமையல் மணத்தைப் பற்றி ஓயாமல் முறைப்பாடு சொன்னாள். இன்னொரு தரம் சொன்னால் வீட்டை விடவேண்டும் என்று வீட்டுக்காரன் எச்சரித்தான். அம்மா மிளகாய் வறுப்பதையும் மீன் பொரிப்பதையும் நிறுத்தினாள்.

கேள்விப்பட்ட ஸ்கொட்லாந்துக்காரர் இரண்டு பழைய வக்கூம் கிளீனர்களை அடுப்புக்கு மேலே பூட்டி, நீளக் குழாயொன்றை யன்னலால் கூரை வரை ஏற்றினார். சுவிச்சைப் போட்டதும் மாதா படம் சுவரில் ஆடியது. அம்மா பொரித்த அப்பளம் ஒன்று குழாய்க்குள் பறந்து போனது.

“மணத்தை மட்டும் இழுக்கச் சொல்லுங்கோ, சாப்பாட்டை விடட்டும்!” என்றாள் அம்மா. அப்பா கனநாளைக்குப் பிறகு சிரித்தார்.

படிக்கட்டில் நின்று மோந்து பார்ப்பது என் வேலை. ஒன்றும் மணக்கவில்லை. அம்மா துணிந்து மீன்குழம்பே வைத்தாள்.

பிறகு பெரிய வெள்ளி வந்தது. அடுப்பு மூட்டாமல் காலையிலேயே எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டோம். பின்னேரம் திரும்பியபோது வீட்டுக்காரன் வாசலில் நின்றான். மத்தியானம் முழுக்க மணம் தாங்க முடியவில்லை என்று கீழ்வீட்டு மனுசி சொன்னாளாம். வீட்டை விடச் சொன்னான்.

“இண்டைக்கு நாங்கள் சமைக்கவே இல்லையே! சொல்லுங்கோவன்” என்றாள் அம்மா.

“சொன்னா நம்புவினமே? பேசாமல் இரும்” என்றார் அப்பா. வீட்டுக்காரனைப் பார்த்துத் சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஸ்கொட்லாந்துக்காரர் இறங்கி வந்து இயந்திரத்தைக் கழற்றினார். என்ன பிழை என்று கேட்டேன். அப்பாவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“குழாயில் ஓட்டை. என் பிழைதான்” என்றார்.

எனக்கு அவர்மேல் சரியான கோபம். குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் ஓட்டையைத் தேடினேன். சமைக்காத நாளில் ஓட்டையால் என்ன மணம் வரும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.