நாலு பாகையில் எட்டுக் கிழமை

கோதுமை நாற்றுக்குக் குளிர் காட்டிச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. சுவிஸில் லாங்கன்தாலுக்குப் பக்கத்தில் ஒரு விதை ஆராய்ச்சி நிலையம். அங்கே நாலு பாகை செல்சியஸில் வைத்திருக்கும் குளிரறைக்கு நான்தான் பொறுப்பு. நாற்று உள்ளே போன தேதியையும் வெளியே வரவேண்டிய தேதியையும் எழுதி வைப்பேன். இடையில் பெரிதாக வேலையில்லை, காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வதிவிட பெர்மிட்டுக்கோ ஒரு பதிலுக்கோ ஏங்கித் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்களே, இது உங்களுக்காகத்தான்.

மன்னாரிலிருந்து ஒரு கேள்வி

என் மனைவி ஜெனிற்றா மன்னாரில் இருக்கிறாள். கலியாணம் முடிந்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள், சேர்ந்து இருந்தோம், பிறகு என் லீவு முடிந்துவிட்டது. அவளைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் இங்கே ஓர் அலுவலகத்தில் கிடந்தது. தினமும் என் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வருவாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவேன்.

ஒருநாள் வேலையை விளக்கினேன். இலையுதிர்காலத்தில் விதைக்கிற கோதுமைக்குள் ஒரு ஜீன், 'இப்ப பூக்காதே' என்று தடுத்துக்கொண்டே இருக்கும். பனிக்காலத்துக்கு முன் பூத்தால் பயிர் உயிர் தப்பாதே! கிழமைக்கணக்கில், எங்கள் ரகத்துக்கு எட்டுக் கிழமை, குளிர் பட்டால் இன்னொரு ஜீன் மெல்ல எழும்பி அந்தத் தடையை அடக்கும். அதன்பிறகு பகல் நீண்டதும் கதிர் வரும். குளிரே படாவிட்டால் வெறும் புல்லாகவே நிற்கும். ஜெனிற்றா கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"இஞ்சரப்பா, குளிருக்கை போனாத்தான் பூக்குமெண்டு தெரிஞ்சும், என்னை ஏன் இந்த வெயிலிலை விட்டிட்டுப் போனியள்?"

ஒரு கமக்காரரின் பாராட்டு

ஒரு ஜூலையில் ஒரு சுவிஸ் கமக்காரர் நேரே நிலையத்துக்கே வந்துவிட்டார். மிஞ்சிக் கிடந்த இலையுதிர்கால விதையை மனிதர் ஏப்ரலில் விதைத்திருக்கிறார். பக்கத்து வயல்கள் அறுவடைக்கு நிற்க, இவருடையது பச்சைப் பசேலென்று குட்டையாக நின்றதாம். சண்டைதான் என்று பயந்தேன். எங்கள் பெண் ஆய்வாளர் ஃப்ராவ் பீரி, குளிர் படாததால் வந்த வினை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். கமக்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"பூக்காவிட்டால் போகட்டும், என் மாடுகள் இப்படி ஒரு புல்லைச் சாப்பிட்டதே இல்லை."

குடிலுக்குப் புல்

டிசம்பரில் அன்ரன் அண்ணை வந்தார். எங்கள் தமிழ்ச் சனம் கூடுகிற மண்டபத்தில் நத்தாருக்கு யேசு பிறந்த குடில் கட்டுவது அவர்தான். குடிலைச் சுற்றிப் பச்சை நிற்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே விதை போட்டு முளைக்க வைப்பது எங்கள் வழக்கம். அந்த முறை அண்ணை மறந்துவிட்டார். முகம் வாடிப்போய் நின்றார்.

குளிரறையின் கீழ்த்தட்டில் லேபிள் இல்லாமல் ஒரு நாற்று ட்ரே கிடந்தது. கழிவென்று நினைத்து, யாரிடமும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஜனவரி ஆறு, மூன்று அரசர் திருநாள்வரை அது குழந்தை யேசுவுக்கு முன்னால், ஹீட்டருக்குப் பக்கத்தில், மின்விளக்கு வெளிச்சத்தில் சுகமாக இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்தார்கள். அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்கடை குடிலிலை இந்த முறைதானடா தம்பி, புல்லு புல்லு மாதிரிக் கிடக்கு!"

முதலிலிருந்து

ஜனவரியில் ட்ரேயைத் திருப்பி வைக்கும்போது லேபிள் தட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்ததைக் கண்டேன். பரிசோதனைக்குரிய ட்ரே. நான் தூக்கும்போது ஐந்து கிழமைக் குளிர் முடித்திருந்தது. ஃப்ராவ் பீரியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எட்டுக் கிழமையும் முடிந்திருந்தால் பயிர் அந்தக் குளிரை மறக்காது, அரைகுறையில் வெக்கை பட்டால் மறந்துவிடும் என்றார். "இது இனிப் பரிசோதனையில் சேராது. வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்து தொடங்கு."

அன்று வீட்டுக்கு வந்தால் தபால்பெட்டியில் அந்த அலுவலகத்தின் கடிதம். அவர்கள் கேட்ட ஒரு பத்திரத்தை நான் பிந்தி அனுப்பியதால் கோப்பை மூடிவிட்டார்களாம், புதிதாக விண்ணப்பிக்கலாமாம். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியிலேயே இருந்தேன். என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம். அடுத்தநாள் வீடியோவில் அதைச் சொல்ல வாய் வரவில்லை, ட்ரேயின் கதையை மட்டும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஜெனிற்றா ஃபோனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"புல்லுக்காக ஒருத்தரும் இப்பிடி அழமாட்டினம். கடிதம் வந்திட்டுதோ?"

பூத்தது

அந்த ட்ரேயை மறுபடி உள்ளே வைத்து 'நாள் ஒன்று' என்று எழுதினேன். அதே நாளில் புதிய விண்ணப்பத்தையும் பதிவுத் தபாலில் போட்டேன். மார்ச்சில் ட்ரே வெளியே வந்தது. மே மாதம் கதிர் தள்ளி, கதிரில் வெளிர்மஞ்சளாகக் குட்டிக் குட்டி மகரந்தப் பைகள் தொங்கின. கோதுமை பூத்தால் அவ்வளவுதான், மணம்கூட இல்லை. தபால்பெட்டியில் விளம்பரத் தாள்கள் மட்டும் வந்தன.

மத்தியானம் பூவைக் காட்டலாம் என்று ஃபோனைக் கதிருக்குப் பக்கத்தில் பிடித்தேன். அந்தப் பக்கம் ஜெனிற்றா தடித்த பனிக்கால ஜக்கெற் போட்டு, கழுத்துவரை சிப் இழுத்து, ஃபானுக்குக் கீழே வியர்த்து வழிந்துகொண்டு இருந்தாள். நான் அனுப்பியதுதான், இங்கேயுள்ள குளிருக்குப் பழகிப் பார்க்கிறாளாம். பூவை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கழுத்தடியில் சிப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அது பூத்திட்டுது. அப்ப நான் இதைக் கழட்டவோ, இன்னும் கொஞ்ச நாள் போட்டிருக்கவோ?"

கோதுமைக்கு எட்டுக் கிழமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள், எங்களுக்கு எத்தனை என்று மட்டும் அந்த அலுவலகம் இன்னும் சொல்லவில்லை, ஆனாலும் தேதி எழுதிக் காத்திருக்கிற வேலை என்னிடம்தான் இருக்கிறது.