கவ் என்றால் அக்கரை

ஐசம் ஒரு எழுத்தும் அறியாதவர். ஆனால் ஒரு ஆள் வாயைத் திறந்தால் போதும், எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்று சொல்லிவிடுவார். பத்து வக்கீலைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்தக் காதுக்கு ஈடாகாது. எங்கள் கறுப்புச் சனத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

அடிமையாகப் பிறந்தது வர்ஜீனியாவில். எசமான் ட்ராக்ஸ்லர் மேற்கே குடிபெயர்ந்தபோது கலப்பையோடும் கட்டிலோடும் இவரையும் வண்டியில் ஏற்றி மிசௌரி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தான். கலப்பையின் சம்மதத்தைக் கேட்டால்தானே இவர் சம்மதத்தைக் கேட்பான்? ஆற்றில் ஓடத்துறை வைத்தான். பதினோரு வருஷம் ஐசம் ஊரார் வண்டிகளைத் தோள்கொடுத்து ஓடத்தில் ஏற்றினார். சனங்கள் எறும்புச் சாரி மாதிரி அக்கரை மேடேறி மறைவார்கள். அந்த மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவர் கண்டதில்லை. ஓடம் கிளம்பும்போது அவர் அதில் நிற்கக் கூடாது என்பது எசமான் கட்டளை.

அக்கரை கான்சாஸ் மண்ணில் அடிமை வைக்கலாமா கூடாதா என்று குடியேறுகிறவர்களே ஓட்டுப்போட்டுத் தீர்க்கலாம் என்றது அரசாங்கம். அதோடு வந்தது சண்டை. வடகிழக்கிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் 'கூடாது' கட்சி. அவர்களை ஆற்றோடு மறிக்க ட்ராக்ஸ்லர் ஒரு செவலைப் பசுவைத் துறையில் நிறுத்தினான். வருகிறவர்களிடம், "இது என்ன?" என்பான். பசுவுக்கு உள்ள இங்கிலீஷ் சொல் தெற்கத்தி வாயில் 'கவ்', ஏறலாம். வடகிழக்கு நாக்கு தன்னாலே 'கியவ்' என்று இழுக்கும். வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

பசுவைப் பிடித்து நிற்பவர் ஐசம். வண்டி நெருங்கியதுமே, "நில்லு, கவ்! சும்மா நில்லு, கவ்!" என்று ஊருக்கே கேட்கும்படி அதட்டுவார். காது உள்ளவன் பிடித்துக்கொண்டான். மூன்று மாதத்தில் ஒருவரும் சிக்கவில்லை.

ட்ராக்ஸ்லருக்குப் பொறி தட்டியது. "ஏண்டா, மாட்டுக்குப் பாடம் நடத்துறியா, வர்றவனுக்கு நடத்துறியா? இனி துறையில உன் சத்தம் கேட்டுச்சு, தெக்கே பருத்திக்காட்டுக்கு வித்துருவேன்."

பருத்திக்காட்டுக்குப் போனவர் திரும்பிய கதை எங்களில் இல்லை. ஐசம் வாயை மூடினார். கையையும் மூடினார்: இனி மடி பேசட்டும் என்று அன்று மாலையும் மறுநாள் காலையும் பசுவைக் கறக்கவில்லை. அது அவரைத் திரும்பிப் பார்த்துக் கத்தியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் நோவு அவர் நெஞ்சிலும் கட்டிக்கொண்டது.

அந்த மறுநாள் நடுப்பகலில் தபிதா என்றொரு விதவை காளைவண்டியில் வந்தாள். காளைகளை அவள் ஓட்டிய பேச்சிலேயே ஐசம் கண்டுகொண்டார்: மாசசூசெட்ஸ். பால்மாடு வளர்த்த வீடு. அவர் பல்லைக் கடித்து நின்றார்.

ட்ராக்ஸ்லர் விரலை நீட்டினான். "இது என்னம்மா?"

தபிதா பசுவின் மடியைப் பார்த்தாள். பானையாக வீங்கிக் கல்லாக இறுகியிருந்தது.

"இதுவா? பாவம்! வேற என்ன? நாள் முழுக்கக் கறக்காம நிறுத்தி வச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு தாய் வயித்துல பொறந்தவங்கதானா?"

"நான் கேட்டது அது இல்ல—"

"தொப்பியக் குடுங்க. வாளி எங்க தேடுறது?"

கறக்க உட்கார்ந்தேவிட்டாள். வரிசையில் நின்ற தெற்கத்திக்காரர்களே சிரித்தார்கள். "ட்ராக்ஸ்லரே, பொம்பள சொல்றது ஞாயந்தானே! தொப்பி நிறைஞ்சா சொல்லும், என் தொப்பி இருக்கு!" ட்ராக்ஸ்லருக்கு முகம் சிவந்தது. அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதைக் கொண்டும் ஆளைப் பிரிக்கத் தெரியாத காது அவனுக்கு.

துடுப்புக்காரன் கத்தினான்: "காத்து எழும்புது! ஏறுறவங்க ஏறுங்க!"

"பாதியில விட்டா மடி கெட்டு மாடே போயிரும்," என்றாள் தபிதா. "ஓடத்துலேயே கறந்து முடிக்கிறேன்."

வர்ஜீனியாப் பசு; செத்தால் இங்கே வேறு கிடைக்காது என்று ட்ராக்ஸ்லருக்குப் பயம். "டேய் ஐசம், மாட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போ. இதே ஓடத்துல திரும்பணும்."

முதல் தடவையாக ஓடப்பலகை அவர் காலுக்குக் கீழே அசைந்தது. அக்கரையில் வண்டி இறங்கியதும், மடி தளர்ந்த பசு புல்லைத் தேடி மேட்டில் ஏறியது. கயிற்றைப் பிடித்தபடி ஐசமும் ஏறினார்.

உச்சியில் நின்றுவிட்டார். புல். கண் தொடுகிற எல்லைவரை புல். காற்று அடிக்க அடிக்க அது அலையலையாகப் புரண்டது. வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை. வானம் இறங்கி வந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பெரிய இடத்தைப் படைத்தவன் தனக்கு மட்டும் ஒரு முழக்கயிறா அளந்திருப்பான்? அவர் மண்டியிட்டுவிட்டார்.

"ஏய், ஓடம் கிளம்புது!" கீழேயிருந்து சத்தம்.

அவர் எழுந்து பசுவைச் சரிவில் இறக்கிவிட்டார். "போ தாயி. அவன் மாடு அவனுக்கே." அது தொழுவத்தின் நினைப்பில் ஓடத்தை நோக்கி நடந்தது.

வண்டிப் பக்கம் நின்ற தபிதா ஆற்றையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். வண்டிச் சீலையைத் தூக்கிப் பிடித்தாள்.

அயோவா வழியாக வடக்கே போய், வெறுங்கையால் காடு திருத்தி, நாற்பது மாட்டுக்கு உடையவரானார் ஐசம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பண்ணை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கடைசிவரைக்கும் அவர் தன் மாடுகளை, நாக்கு மடங்காத தெற்கத்தி வாயால் பாடுபட்டு இழுத்து, 'கியவ்' என்றுதான் கூப்பிட்டார்.