அரைக் கிலோ குறைந்த பார்சல்

ரசீதக்காவின் வீட்டு முன்னறையில் ஒரு சுவர் நுண்ணோக்கிகளுக்கு, எதிர்ச் சுவர் கோப்புகளுக்கு. நடுவில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு முக்காலி. விருந்தினர் வந்தால் நிற்க வேண்டியதுதான். ரசீதக்கா என்ற பட்டப்பெயரை முதலில் வைத்தவர் அவளுடைய கணவர். நகரப் பேருந்து ஓட்டுபவர், வாய் சும்மா இருக்காது. ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய குடைக்கு அவள் ரசீதை எடுத்து நீட்டிய அன்று வைத்த பெயர் அது. பிறகு தெரு முழுக்க அதையே பிடித்துக்கொண்டது.

காகிதங்களைச் சேர்க்கும் பழக்கம் சும்மா வந்ததல்ல. ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் கூட்டித் துடைத்தவள் அவள். ஒருமுறை லென்ஸ் ஒன்று காணாமல் போனது. முந்தின வாரமே அதை ஆசிரியரின் கையில் கொடுத்துவிட்டதாக அவள் சொன்னாள். கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். அவளிடம் ஒன்றும் இல்லை. நான்கு மாதம் கழித்து அந்த லென்ஸ் ஆசிரியரின் மேசை இழுப்பறையிலேயே கிடைத்தது. மன்னிப்பு மட்டும் எந்த இழுப்பறையிலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கையெழுத்து இல்லாமல் அவள் ஒரு துடைப்பத்தைக்கூட யாரிடமும் ஒப்படைத்ததில்லை.

கழித்துப் போட்ட நுண்ணோக்கி ஒன்றை அதே பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று படம் வரைந்து வைத்துக்கொண்டு பழுது பார்க்கக் கற்றுக்கொண்டாள். சொல்லிக் கொடுக்க யாருமில்லை. இப்போது ஏழு ஊர்களிலிருந்து கருவிகள் வருகின்றன. அவற்றில் பாதி ஒரே கல்லூரியிலிருந்து வருபவை. ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் அந்தக் கல்லூரியின் பழுதுபார்ப்போர் பட்டியலில் அவள் பெயர் இருக்கும்வரை அவளுடைய தொழிலும் இருக்கும்.

பொதி கட்டுவதிலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. பழைய படுக்கை விரிப்பில் தைத்துப் பஞ்சு அடைத்த சின்னத் தலையணைகள், ஒரு பெட்டிக்கு எட்டு. ஒவ்வொன்றிலும் மையால் எண் எழுதியிருக்கும். ஒன்றும் இரண்டும் அடியில், மூன்று முதல் ஆறு வரை நான்கு பக்கமும், ஏழு கழுத்துக்கு, எட்டு தலைக்கு. பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல் கருவியைப் படுக்க வைத்து, மூடியைச் சாத்துமுன் ஒரு படம் எடுப்பாள். காப்பீடு செய்யாமல் ஒன்றையும் அனுப்பமாட்டாள்.

அப்படி அனுப்பிய ஒன்றுதான் கழுத்து முறிந்து கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது.

தபால் துறையிடம் இழப்பீடு கேட்டு அவள் அனுப்பிய விண்ணப்பத்தோடு பதினான்கு இணைப்புகள் இருந்தன. நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. வெளிப்பெட்டிக்குச் சேதமில்லை, ஆகவே உள்ளே இருந்த பொருள் பயணத்தில் உடைந்திருக்க வாய்ப்பில்லை, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. முறையீடு செய்தாள். அதற்கு ஒரு மாதம். இந்த முறை, பயணத்தில் உடைந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அனுப்பியவர் போதிய பாதுகாப்புடன் பொதியவில்லை என்பதால் நிராகரிப்பு நீடிக்கிறது என்றார்கள். பெட்டி உடையாவிட்டால் அது பயணத்தின் குற்றமில்லை, பயணத்தில் உடைந்தால் அது பொதிந்தவளின் குற்றம். எப்படி உடைந்தால் இவர்கள் ஏற்பார்கள் என்று அவள் அந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நான்கு முறை படித்தாள்.

தொகை போனால் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் இரண்டாவது கடிதத்தின் நகல் கல்லூரிக்கும் போயிருந்தது. ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் தொலைபேசியில் சுருக்கமாகப் பேசினார். முப்பதாம் தேதி பட்டியலைப் புதுப்பிக்கிறோம், இப்படி ஒரு கடிதம் கோப்பில் இருக்கும்போது உங்கள் பெயரை வைத்திருப்பது கடினம் என்றார். பெட்டிக்குள் மூன்று தலையணைகள்தான் இருந்தன என்றும் சொன்னார்.

மூன்று. அவள் வைத்து அனுப்பியதோ எட்டு.

தபால் அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவு எழுத்தரிடம் எட்டுத் தலையணைகளும் தெரியும் படத்தைக் காட்டினாள். அவர் அதைத் தொடாமலே பார்த்தார். படத்தை எந்த நாளிலும் எடுக்கலாம் என்றார். பெட்டியை நடுவழியில் யாராவது திறந்தார்களா என்று கேட்டதற்கு, திறந்தால் அதற்குப் பதிவு இருக்கும், பதிவு இல்லை என்பதால் திறக்கவில்லை என்றார். பதிவு செய்யாமல் திறந்திருந்தால் என்று கேட்டாள். அப்படித் திறக்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்.

சுவரோடு பேசிய களைப்பில் வீடு திரும்பியவள், மறுநாளே கட்டணம் கட்டி, தபால் துறை ஆய்வாளர் ஒருவர் கல்லூரியில் வைத்து நடத்திய சேத ஆய்வின் அறிக்கை நகலைக் கேட்டு எழுதிப் போட்டாள். பதினெட்டாம் தேதி வந்து சேர்ந்தது. இருபத்திரண்டு கட்டங்கள் உள்ள படிவம். அவள் இதற்குமுன் பார்த்த இத்தகைய படிவங்களில் ஏழெட்டுக் கட்டங்களுக்குமேல் யாரும் நிரப்பியதில்லை. இந்த ஆய்வாளர் வேலைக்குப் புதிது போலிருக்கிறது. ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் கை நடுங்கும் ரகம். பெட்டியின் நிறம் எழுதியிருந்தார். ஆய்வு நடந்த அறையின் எண் எழுதியிருந்தார். பதினேழாவது கட்டத்தில், பெட்டியையும் உள்ளிருந்த அனைத்தையும் சேர்த்து நிறுத்து, எடையும் எழுதியிருந்தார்: 5,830 கிராம்.

அவள் முக்காலியை விட்டு எழுந்து, எதிர்ச் சுவரிலிருந்து பார்சல் பதிவு செய்த ரசீதை எடுத்தாள். 6,340 கிராம்.

ஐந்நூற்றுப் பத்து கிராம் எங்கே? அவள் அடுத்த பெட்டிகளுக்காகத் தைத்து வைத்திருந்த தலையணைகளில் ஐந்தை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தாள். ஐந்நூற்று ஐந்து. ஒருமுறை கண்ணை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தாள். ஐந்து கிராமை யாருக்கு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றியது.

இந்த முறை எழுத்தரைத் தாண்டி அதிகாரியின் அறைக்கே போனாள். இரண்டு தாள்களையும் மேசைமேல் அடுத்தடுத்து வைத்து, இரண்டு எண்களின் அடியிலும் பென்சிலால் கோடு போட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ஊருக்கு ஊர் தராசு கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்மா."

"அரைக் கிலோவா சார்?"

"இருக்கலாம். சொல்ல முடியாது."

"அப்போ எங்ககிட்ட எடைக்குக் காசு வாங்குனது எந்தத் தராசுல? அது தப்பான தராசுன்னா அதையும் எழுதிக் குடுத்துடுங்க சார், அதுக்குத் தனியா ஒரு மனு போட்டுக்கிறேன்."

அவர் அவளைப் பார்த்தார், அவள் கக்கத்தில் இருந்த கோப்பைப் பார்த்தார். பரிசீலிக்கிறோம் என்றார்.

இருபத்தாறாம் தேதி கடிதம் வந்தது. சிறப்புக் கருணையின் பேரில் முழுத்தொகையும் வழங்கப்படும். முந்தைய முடிவில் மாற்றம் ஏதும் இல்லை. இதை ஏற்று இணைப்பில் கையொப்பமிடவும்.

கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து கடிதத்தை நின்றபடியே படித்தார். அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

"இதுல என்ன குறை? முழுசாத் தர்றான்ல?"

"முந்தைய முடிவுல மாற்றம் இல்லையாம். என் பொதிதான் சரியில்லைன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். கருணையாம், கருணை. நான் என்ன தட்டு ஏந்திக்கிட்டா நின்னேன்?"

"காசை வாங்கிப் போட்டுட்டு வேலையைப் பாரு. அந்த வரி உன்னைக் கடிக்கவா போகுது?"

"முப்பதாம் தேதி கடிக்கும்."

அவர் எழுந்துகொண்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே, உன்னோட மல்லுக்கட்டுறதுக்குப் போக்குவரத்து நெரிசலே மேல் என்று முனகினார்.

மறுநாள் அவள் படிவத்தில், தொகையைப் பெறச் சம்மதம், பொதிவு பற்றிய முடிவுக்குச் சம்மதமில்லை என்று தெளிவான கையெழுத்தில் எழுதிக்கொண்டு போனாள். எழுத்தர் அதைப் படித்தார். படிவத்தில் கூடுதலாக ஏதும் எழுதினால் படிவம் செல்லாது என்றார். வேறு படிவம் கேட்டாள். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு படிவம்தான் என்றார். செல்லாது என்பதையாவது எழுதித் தரச் சொன்னாள். அதற்குத் தனிப் படிவம் இல்லை என்றார். அவள் தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். தொகை அங்கேயே நின்றுபோயிற்று.

இருபத்தொன்பதாம் தேதி விடியற்காலைப் பேருந்தில் கல்லூரிக்குப் புறப்பட்டாள். பொறுப்பாளர் கண்டிப்பான பெண்மணி; பேச்சை வளர்க்க விடாதவர். ரசீதையும் அறிக்கையையும் வாங்கி, எண்களைப் பார்த்து, மனதுக்குள் கழித்துப் பார்த்தார். தலையணைக் கணக்கையும் முழுதாகக் கேட்டார்.

"நடுவுல யாரோ திறந்திருக்காங்க. எடுத்ததைத் திருப்பி வைக்கல. சரி, ஒத்துக்கிறேன். ஆனா எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கும்மா. அடுத்த தடவையும் யாராவது திறந்தா?"

ரசீதக்கா கோப்பைப் புரட்டினாள். பழக்கத்தில் கை போயிற்று. நடந்து முடிந்த எல்லாவற்றுக்கும் அதில் காகிதம் இருந்தது. நடக்கப்போவதற்கு ஒன்றும் இல்லை. கோப்பை மூடிவிட்டாள்.

"இனிமே தபால்ல அனுப்பமாட்டேன் மேடம். நானே வந்து எடுத்துக்கிட்டுப் போயி, நானே கொண்டு வந்து தர்றேன்."

"போக வரப் பத்து மணி நேரம் ஆகும்மா."

"தெரியும் மேடம். இப்பத்தான் பாதியை முடிச்சிட்டு வந்திருக்கேன்."

பொறுப்பாளர் முதல்முறையாகச் சிரித்தார். பட்டியலில் அவள் பெயருக்கு நேராக 'நேரில் ஒப்படைப்பு' என்று எழுதிக் கையொப்பமிட்டார். தபால் துறையின் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுக்க முடியாது, வேண்டுமானால் அதற்கு அடியில் உங்கள் தாள்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அடியில் அல்ல, மேலே வைக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, மேலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

கழுத்து முறிந்த நுண்ணோக்கியைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு மாலைப் பேருந்தில் திரும்பினாள். தப்பு செய்தவர்கள் யாரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. மாதம் இரண்டு முறை இந்தச் சாலையில் இடுப்பொடியப் போவது இவள்தான். நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு கைகளாலும் பெட்டியை மடியிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்தாள். பக்கத்து இருக்கைக்காரி நெடுநேரம் இதைக் கவனித்துவிட்டு, உள்ளே உடைகிற சாமானா என்று கேட்டாள்.

"ஏற்கெனவே உடைஞ்சதுதான்" என்றாள். அடுத்த பள்ளம் வந்தது. தூக்கிப் பிடித்தாள்.