ஸ்பேனர் சார்

விளம்பரப் பலகையின் இரும்புக் காலில் ஸ்பேனரால் ஒரு தட்டு. பிறகு காதை ஒட்டவைத்துக் கேட்பார். 'டங்' என்று கணீரென ஒலித்தால் தலையாட்டிவிட்டு நகர்வார். 'டொக்' என்று மழுங்கிக் கேட்டதோ, போச்சு! பைக்குள் இருக்கும் சிவப்பு நோட்டீஸ் வெளியே வந்து அந்தக் காலிலேயே ஒட்டிக்கொள்ளும். "உள்ளுக்குள்ள துரு தின்னுடுச்சு. பலகைய இறக்கிடுங்க" என்பார், தூங்குகிறவரை எழுப்பப் பயந்த குரலில்.

நகராட்சியில் விளம்பரப் பலகைகளைச் சோதிப்பது அவர் வேலை. பெயர் எல்லோருக்கும் மறந்துபோய் 'ஸ்பேனர் சார்' ஆகிவிட்டார். தெருமுனையில் தலை தெரிந்தால் போதும், "வந்துட்டாருப்பா, போர்டைக் கழட்டு!" என்று கடைக்குக் கடை சேதி பறக்கும். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால், பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் திடீரென்று வேலை வந்துவிடும். மனுஷன் என்ன, கடித்தா வைக்கப்போகிறார்?

எந்தப் பலகைக்கும் கீழே நிற்கமாட்டார். மழை கொட்டினாலும் சாலையில் இறங்கி, நனைந்தபடி சுற்றித்தான் போவார். வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம்கூடக் கிடையாது. காலமான மனைவியின் படமும் மேசைமேல் சாய்ந்துதான் நிற்கிறது. "ஆணிய நம்ப முடியாதும்மா" என்று படத்திடமே சமாதானம் சொல்லிக்கொள்வார். கேட்க வேறு ஆள் அந்த வீட்டில் இல்லை.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பெருங்காற்றில், ஸ்கூட்டரில் போன பெண்மேல் பலகை சாய்ந்தபோது, அதைத் தூக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். அடியில் அவளுடைய செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பேச ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அதனால்தான் சொந்த மகளின் கடைத் திறப்பன்றும் அவருக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தெரியவில்லை. சின்னத் தையல் கடை. கடையைவிடப் பெரிய பலகை, மாடிக் கைப்பிடியிலிருந்து வெறும் கட்டுக்கம்பியில் தொங்கியது. சொந்தபந்தமெல்லாம் பார்த்திருக்க, தன் கையாலேயே நோட்டீஸ் ஒட்டி இறக்கவைத்தார்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?" என்றார் மருமகன்.

"காத்து என்ன, நாள் பாத்தா வரும் மாப்ளே?"

அன்றோடு மகளின் பேச்சு நின்றது. "சாப்டீங்களாப்பா?" என்று தினமும் வரும் அழைப்பும் நின்றது. இப்போது அவரை அலுவலகம்தான் கூப்பிடுகிறது, அதுவும் காற்று பலமாக வீசும் நாளில் மட்டும். அந்த ஒரு கேள்விக்கு மனுஷன் ஏங்கிப்போய்க் கிடக்கிறார்.

இன்று நல்ல காற்று. தெருத்தெருவாகத் தட்டிக்கொண்டு வந்தவர், மகளின் கடைக்கு எதிரே நின்றுவிட்டார். புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். சின்னதாக, வாசலுக்கு மேலே சுவரோடு சுவராக. போவதா வேண்டாமா என்று தடுமாறி, வேலை வேலைதானே என்று சாலையைக் கடந்தார். வழக்கம்போல் பலகைக்குத் தள்ளியே நின்று ஸ்பேனரை எடுத்தார்.

கழுத்தில் அளவு நாடாவோடு மகள் வெளியே வந்தாள்.

"தட்டிப் பாத்துக்கோங்க. உங்க மாப்ளையே சுவத்துல ஓட்டை போட்டு, போல்ட்டு முடுக்கினாரு."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, வாசலில் பலகைக்கு நேர் கீழே போட்டுவிட்டு, தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

அவர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.