சைக்கிள் டியூப் சுற்றிய கார்

ரப்பர் கருகுகிற வாசனை வந்தால் இன்னும் என் கால் பிரேக்கைத் தேடும். எங்கள் பழைய பெட்ரோல் காரில், திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அந்த வாசனைதான் முதலில் வரும். அப்புறம் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இருமும்... இழுக்காது.

என் வீட்டுக்காரர் குமார் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடத்தினார். இரண்டு கிட்னியும் போன பிறகு அவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை விழுப்புரத்தில் டயாலிசிஸ். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற உடம்பும் இல்லை. கல்யாணமான புதிதில் அவர் ஆசைப்பட்டு எனக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார். அது இப்படி ஒரு வேலைக்கு உதவும் என்று இரண்டு பேருமே நினைத்திருக்க மாட்டோம்.

ஒரு சித்திரை மாத வெயில். விக்கிரவாண்டிக்கு முன்னால் வண்டி நின்றேவிட்டது.

"பானெட்ட தெற. ஜல்தியா குனியாத, மூஞ்சில அனல் அடிக்கும்" என்றார். பேசுவதற்கே மூச்சு வாங்கியது. உடம்பில் நீர் ஏறி, கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"பெட்ரோல் பம்பு மேல ஈரத்துணி போடு. சூட்டுல பெட்ரோலு ஆவியாப் பூடுது, அதான் நிக்கிது."

டவலை நனைத்துப் போட்டேன். மறுபடி மறுபடி பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். அவருக்கு நாள் முழுக்கவே அளந்துதான் தண்ணீர். உதடு வெடித்துக் கிடந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் ஒழுகித் தார் ரோட்டில் காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவிட அது நல்லா குடிக்கிது கலா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்ணில் படாதபடி திரும்பி நின்று மீதியை ஊற்றினேன்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எங்கள் டயாலிசிஸ் மிஷினை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "லேட்டா வந்தா நாங்க இன்னா பண்றதும்மா" என்றார் நர்ஸ். அவர் மேலும் தப்பில்லை. சாயங்காலம் ஒரு மிஷின் காலியாகும் வரை என் வீட்டுக்காரர் வராந்தா பெஞ்சில் படுக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் என் தோளில் சாய்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சும் எனக்குக் கேட்டது...

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் சொல்லச் சொல்ல நான் கை வைத்தேன். ஏர் ஃபில்டரிலிருந்து காற்று போகிற ரப்பர் ஹோஸ் வளைவில் கிழிந்திருந்தது. என்ஜின் சூட்டையும் ரோட்டுப் புழுதியையும் அந்தக் கிழிசல் வழியாகத்தான் வண்டி இழுத்துக்கொண்டிருந்தது. ரொம்பப் பழைய மாடல், புது ஹோஸ் எங்கேயும் கிடைக்கவில்லை. சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி, இழுத்து இழுத்துச் சுற்றி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு முடுக்கினேன்.

கொஞ்ச நாள்தான் தாங்கியது. பக்கத்தில் போகிற சைலன்சர் குழாயின் சூட்டில் டியூப் இளகி, மறுபடி அதே வாசனை.

"பேஜாரு புடிச்ச வண்டி" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அடுப்படி ஞாபகம் வந்தது. "ஏங்க... அடுப்புச் சூடு காஸ் டியூப் மேல படாம நடுவுல ஒரு தகரம் வெச்சிருக்கேன்ல. இதுக்கும் அந்த மாதிரி வெச்சா இன்னா?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அப்புறம், "இத்தினி வருஷம் ஓட்டிக்கினு இருந்தேன். எனக்குத் தோணல பாரு" என்றார்.

பழைய இரும்புக் கடை பாய் ஓர் எண்ணெய் டின்னை வெட்டிக் கொடுத்தார். "ஓரத்த மடிச்சித் தரேம்மா, இல்லன்னா கையக் கிழிச்சிடும்" என்று தட்டித் தட்டி மடித்தார். ஹோஸிலும் படாமல், குழாயிலும் படாமல் அந்தத் தகரத்தை நடுவில் நிறுத்தி ஸ்க்ரூ போட்டோம். ஃபில்டர் வாயில் ஒரு துண்டு பைப்பைச் சொருகி, ஹெட்லைட் பக்கமாகத் திருப்பி விடச் சொன்னார் என் வீட்டுக்காரர். "உள்ள இருக்கிற சூட்டையே இழுக்காம வெளிக்காத்து வாங்கட்டும்."

கத்திரி வெயில் முழுக்க வண்டி நிற்கவே இல்லை. ஓங்கூர் பாலம் வரைக்கும் ஒரு சவாரி போய்விட்டு வரலாமா என்று ஒரு நாள் அவரே கேட்டார். போனோம். சும்மா, காற்று வாங்க. என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். முகத்தில் பழைய டிரைவர் களை.

வண்டி ஓடுகிற வரைக்கும் இவருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்குள் எப்படியோ ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் வழியில் நிற்காமல் போய்ச் சேர்ந்தால், ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு காலை. சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. வழியில் எங்கும் நிற்கவில்லை. நேரத்துக்குப் போனோம், மிஷினும் எங்களுக்காகக் காலியாக இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்கு எதுவுமே தாமதமாகவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

காரை அடுத்த வருஷம் எடைக்குப் போட்டோம்...

இப்போது எங்கள் பையன் கார் வைத்திருக்கிறான். பானெட்டைத் திறந்தால் ஒன்றுமே தெரியாது, கறுப்பு பிளாஸ்டிக் மூடி மட்டும்தான். சூடானால் ஸ்க்ரீனில் எழுத்து வருமாம், போன் செய்தால் ஆள் வருமாம். நல்லதுதான். யாரும் நடு ரோட்டில் வெந்து நிற்க வேண்டாம்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக விழுப்புரம் போனோம். ஏசி குளிர்ந்தது. வண்டி ஓடுகிற சத்தமே இல்லை.

"ஊரு வந்ததும் எழுப்பறேன், தூங்கும்மா" என்றான் பையன்.

சரி என்று சீட்டைச் சாய்த்துக்கொண்டேன். மயிலம் போனது, விக்கிரவாண்டி போனது... அந்த ரோட்டில் தூங்க எனக்கு இன்னும் வரவில்லை.