மெயின்லேண்ட் மால்

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அந்தமான் தீவில், கராச்சர்மாவில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் கிரானோலாவை நான் வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஓட்ஸ், முந்திரி, எங்கள் தீவுகளின் வடக்கே உள்ள திக்லிபூரில் விளைந்த தேங்காயின் துருவல் எல்லாவற்றையும் வெல்லப்பாகில் புரட்டி, மொறுமொறுவென்று வறுத்தெடுத்தேன். எங்கள் கடையிலேயே விற்க வேண்டும் என்று ஆசை.

எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தேன். என் கணவர் ஒரு வாய் போட்டுவிட்டுத் தள்ளி வைத்தார்.

"என்ன மால் இது, கோழித் தீவனம் மாதிரி? ஐலண்ட்ல செஞ்சத எவன் வாங்குவான்?"

இங்கே சரக்கை நாங்கள் இந்தியில் மால் என்றுதான் சொல்வோம்; கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சென்னை, கொல்கத்தா எல்லாம் எங்களுக்கு மெயின்லேண்ட்.

மறுநாள் அதே கிரானோலாவை, சென்னையிலிருந்து கப்பலில் வந்த சரக்கின் காலிப் பாக்கெட் ஒன்றில் கொட்டி மேசையில் வைத்தேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

"பாத்தியா, மெயின்லேண்ட் மால்னா மெயின்லேண்ட் மால்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து நீங்க தள்ளி வச்சதுதாங்க இது. நீங்களும் இங்க பொறந்தவருதான? ஐலண்ட் மால்னு உங்கள நான் தள்ளியா வச்சேன்?"

அவர் கிண்ணத்தில் மிச்சம் இருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சரி, கடையில வைப்போம். மேல மெயின்லேண்ட்னு மட்டும் எழுதிரு."

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்த என்னைச் சொல்ல வேண்டும். 'திக்லிபூர் தேங்காய் போட்டது' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அவர் அதைக் கடையின் கீழ்த்தட்டில் வைக்கிறார். பிறந்த மண்ணையே கீழ்த்தட்டில் வைத்துப் பழகிய கை அது. நான் தினமும் போய், கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டுக்கு மாற்றிவிட்டு வருகிறேன்.