டைனிங் டேபிளில் ஒரு ஸ்பிட்ஃபயர்

போன மாதம் லிவர்மோர் பக்கத்துச் சின்ன விமான நிலையத்தை ஒருநாள் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருந்தார்கள். பழைய போர் விமானங்கள் வரிசையாக நின்றன. குண்டு போடுகிற பெரிய விமானம், மூக்கில் சுறா வாய் வரைந்தது, வெள்ளித் தகடாக மின்னுவது என்று எல்லாம் இருந்தும் கூட்டம் என்னவோ கடைசியில் நின்ற ஒன்றைச் சுற்றித்தான். பச்சையும் பழுப்புமாக வண்ணம் பூசிய ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்காரன் ஓட்டிய சண்டை விமானம். கிட்டே போனவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எதற்கும் அசராத என் பதினைந்து வயது மகள்கூட போனிலிருந்து தலையைத் தூக்கி, "ஓகே, தட் ஒன் இஸ் ஆக்சுவலி ப்ரிட்டி" என்றாள். என் எந்தக் குழம்புக்கும் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை.

எஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டு வைத்திருந்தார்கள். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு இங்கே அமெரிக்காவில், பக்கத்து ஊரான டப்ளினில் நாங்கள் முதலில் குடியிருந்த ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

கல்யாணமாகி வந்த புதிது. ஈரோட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் பையன்களுக்கு எஞ்சினியரிங் டிராயிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். இங்கே வந்ததும் ஹெச்-ஃபோர் விசா, வேலைக்குப் போகக்கூடாது. யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும், "நீங்க எங்க வொர்க் பண்றீங்க?" என்பார்கள். "வீட்லதாங்க" என்றால் "ஓ, நைஸ்" என்று ஒரு சிரிப்பு, அப்புறம் பேச்சு அடுத்தவரிடம் போய்விடும். அந்த "நைஸ்" இருக்கிறதே, அதைவிட இரண்டு அடி அடித்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் என் கணவர் ஒரு நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பால்சா என்கிற லேசான மரத்தின் துண்டுகள், மேசை அகலத்துக்கு ஒரு வரைபடம், சின்னதாக ஒரு எஞ்சின். கட்டி முடித்தால் ரிமோட்டில் பறக்கிற ஸ்பிட்ஃபயர். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசையாம்.

"வெள்ளக்காரன் ப்ளேன் மேல அப்படி என்னங்க ஆசை?" என்றேன்.

"வெள்ளக்காரன் மட்டுமா? சண்டையப்ப நம்ம மெட்ராஸ்காரங்க காசு வசூல் பண்ணி இந்த ப்ளேன் வாங்கிக் குடுத்திருக்காங்க தெரியுமா?"

"அப்ப திருப்பிக் கேளுங்க. நாம சாப்பிட ஒரு டேபிளாச்சும் கிடைக்கும்."

ஏனென்றால் இருந்த ஒரே டைனிங் டேபிளில் வரைபடத்தை விரித்து, குண்டூசி குத்தி, இடத்தைப் பிடித்துவிட்டார். நாங்கள் கார்ப்பெட்டில் பேப்பர் விரித்துச் சாப்பிட்டோம். இரண்டே வாரம்தான் அவர் உற்சாகம். அப்புறம் ஆபீஸில் ரிலீஸ் என்றார், வீக்கெண்ட் சப்போர்ட் என்றார். பாதி ஒட்டிய வால் ஒன்று மேசையில் கிடந்து தூசு வாங்கியது.

மேசையைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்ற கோபத்தில்தான் நான் முதல் துண்டை எடுத்து ஒட்டினேன். சத்தியமாக வேறு நோக்கம் இல்லை. ஆனால் வரைபடத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது. சாதாரண விமானத்துக்கு இறக்கை சட்டப்பலகை மாதிரி நேராக இருக்கும். உள்ளே விலா எலும்பு மாதிரி வருகிற குறுக்குத் துண்டுகளை ஒரே அளவில் அறுத்து அடுக்கிக்கொண்டே போகலாம். ஸ்பிட்ஃபயர் இறக்கை நுனிவரை வளைந்து போகிறது. அதனால் ஒரு விலா போல இன்னொரு விலா கிடையாது. ஒவ்வொன்றையும் தனியாகத் தேய்த்து, தனியாகப் பொருத்த வேண்டும். தொழிற்சாலையில் இதைச் செய்தவர்கள் எத்தனை திட்டித் தீர்த்திருப்பார்கள்! ஆனால் ஒட்டி முடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் விளங்கியது. இறக்கை என்று சொல்லாமலே குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும், அது இறக்கை என்று.

காலையில் அவர் கிளம்பியதும் உட்கார்ந்தால், குக்கர் விசிலை எண்ண மறந்துபோகும். பருப்பு அடிப்பிடித்த நாட்கள் உண்டு. மேலே ஒட்டுகிற பிளாஸ்டிக் தாளைச் சூடு காட்டி இழுக்க, சட்டை தேய்க்கிற இஸ்திரிப் பெட்டிதான். அதற்கப்புறம் அவர் சட்டைகளில் பச்சைப் பிசின் ஒட்டியது. அவர் அதையே போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் நின்றார். "நெஜமாவே நீயா?" என்றார். பக்கத்து வீட்டுக்காரரா வந்து செய்திருப்பார்?

ஊருக்குக் கிழக்கே, மலையடிவாரப் புல்வெளியில் மாடல் விமானம் விடுகிறவர்களுக்கு ஒரு மைதானம் இருந்தது. ஒரு தார்ப்பாதை, நாலு மர மேசை, காற்றின் திசை காட்ட ஒரு காற்றுப்பை, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை காரின் பின்சீட்டில் விமானத்தைப் படுக்கவைத்து, நான் அதன் மேல் கை வைத்தபடியே போனேன். இறக்கி வைத்ததும், தங்கள் ஜெட்டுகளை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ரே என்று ஒருவர், ரிட்டயர்டு டீச்சர், முட்டி போட்டு உட்கார்ந்து இறக்கையில் விரலை ஓட்டிப் பார்த்தார். என் கணவரை நிமிர்ந்து பார்த்து, "ஹூ பில்ட் திஸ்?" என்றார்.

பெட்டி வாங்கியவர் அவர், ஆசைப்பட்டவர் அவர். "வீ" என்று இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லியிருந்தாலும் எனக்கு வருத்தமிருந்திருக்காது.

"மை வைஃப். ஆல் ஆஃப் இட்" என்றார்.

ரே எழுந்து என்னிடம் கை நீட்டினார். அமெரிக்கா வந்த பிறகு நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்து ஒருவர் கைகொடுத்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கூட்டத்துக்கு வராத ஒரே ஆள் செல்வம் அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து ஊர் பிளசன்டனில் பல் டாக்டர். தள்ளிப்போய் தன் கார் பக்கம் நின்று எஞ்சினே இல்லாத கிளைடர் மட்டும்தான் விடுவார். தமிழ்க் குரல் கேட்டு மெதுவாக வந்தார். பார்த்தார். "நல்ல வடிவாச் செய்திருக்கிறீர் தங்கச்சி" என்றார்.

"நீங்க ஏன் அண்ணா இந்த மாதிரி விடறதில்ல?"

"சின்னனில தலைக்கு மேல கேட்ட சத்தமே காணும், போதும் தங்கச்சி. ஒரு பிளேனையும் நான் பாத்ததில்ல. பங்கருக்குள்ள இருந்து கேட்டது மட்டும்தான்." ஏதோ பல்வலியைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, திரும்பித் தன் கார் பக்கம் போய்விட்டார்.

முதல் பறப்பை அனுபவப்பட்ட ரேதான் செய்வது என்று முடிவானது. எஞ்சின் கிளம்பியது. எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருப்பதால், கரிந்த விளக்கெண்ணெய் வாடை. தாரில் ஓடி, ஒரு குதி குதித்து, ஏறிவிட்டது. வளைந்து திரும்பும்போது அந்த இறக்கை முழுசாக வானத்தில் தெரிந்தது. என் கணவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஓரக்கண்ணில் பார்த்தேன், செல்வம் அண்ணா காரில் சாய்ந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றில், மலைப்பக்கம் இருக்கும்போது, எஞ்சின் இருமிவிட்டு நின்றுபோனது.

விமானம் இறங்க ஆரம்பித்தது. மைதானத்துக்கு வந்து சேருமா என்பதே சந்தேகம். ரே ரிமோட்டின் குச்சியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். அவர் திரும்பி, "செல்வா! யூ டேக் இட்!" என்று கத்தினார்.

செல்வம் அண்ணா ஓடிவந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ரிமோட்டை வாங்கினார். எஞ்சின் இல்லாத விமானத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் அவர் வாரா வாரம் செய்கிற வேலை. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டார்; வேலிக்கு மேலே கொண்டுவந்து காற்றுக்கு எதிரே திருப்பினார். சக்கரம் புல்லைத் தொட்டது, ஓடியது, தரை அணில் தோண்டிய வளையில் மாட்டி மூக்கைக் குத்தி நின்றது. விசிறி மட்டும் முறிந்தது. வேறொன்றும் ஆகவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். செல்வம் அண்ணாவின் நெற்றியெல்லாம் வியர்வை. ரிமோட்டை ரேயிடமும் கொடுக்கவில்லை, என் கணவரிடமும் கொடுக்கவில்லை. "இந்தாரும், உம்மட பிளேன்" என்று என்னிடம் நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "சத்தம் நிண்ட பிறகு நல்ல பிள்ளையா வந்திட்டுது, என்ன?" என்றார்.

அதற்குப் பிறகு வாராவாரம் போனோம். எனக்குக் கட்ட வந்ததே தவிர ஓட்ட வரவில்லை. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறிவிடும், என் மூளை மாறாது. என் கணவர் நன்றாகவே கற்றுக்கொண்டார். செல்வம் அண்ணா கடைசிவரை கிளைடர்தான். ஆனால் எங்கள் விமானம் மேலே இருக்கும்போது மட்டும் தன்னுடையதை இறக்கிவைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பார். காற்று பலமாக அடித்த ஒருநாள் எங்கள் ஸ்பிட்ஃபயர் மலைச்சரிவில் விழுந்து நொறுங்கியது. துண்டுகளை மளிகைப் பையில் பொறுக்கிக்கொண்டு வந்தோம். அதற்குள் கிரீன் கார்டு வந்துவிட்டது, வேலை கிடைத்தது, மகள் பிறந்தாள், டேகேர், ஃப்ரீவே என்று ஓட்டம். இன்னொன்று கட்டவே இல்லை. ரே தன் மகளோடு இருக்கப் போய்விட்டார். செல்வம் அண்ணா டொரன்டோவில், தம்பி வீட்டுப் பக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிழக்கே புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றில், தெரிந்தவர் கிரகப்பிரவேசம். மாடிக்குக் கூட்டிப்போய், மாஸ்டர் பெட்ரூம் ஜன்னலைக் காட்டினார். எதிரே வரிசையாக ஒரே மாதிரி கூரைகள், அவற்றுக்குப் பின்னால், எங்கள் விமானம் விழுந்த அந்த மலை.

"வ்யூ சூப்பர், இல்லீங்களா? இங்க முன்னாடி ஒண்ணுமே இல்ல. வெறும் புல்லுதான்" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு கீழே தெருவைப் பார்த்தார். அங்கே ஒரு குப்பை லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றார்.